துழாவாத துடுப்பு

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் ஒரு மரத்துடுப்பு இருக்கும். ஆங்கிலத்தில் மாஷ் பேடில் என்பார்கள். முக்கால் மீட்டர் நீளம், ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமான பலகை, பலகையில் சில துளைகள். களி கிண்டும் துடுப்பைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அதற்கு ஓட்டை போட்ட ஒன்றுவிட்ட அண்ணன் இது, அவ்வளவுதான்.

இந்தத் துடுப்பை அலங்காரமாகச் செய்வது அமெரிக்காவில் ஒரு தனிக் கைவேலையாகவே வளர்ந்திருக்கிறது. செய்முறை வரைபடங்கள், வீடியோக்கள், விற்பனைக்கு வருபவை என்று சில மாதங்களாகப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தேன். மரவேலை ஓரளவு தெரியும் என்பதால் சிலவற்றைக் கையில் வாங்கித் துழாவியும் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை அழகாக இருக்கின்றன. ஆனால் அந்த அழகு உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு.

ஒரு கிண்டுகட்டைக்கு இவ்வளவு விமர்சனமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையால் செய்த ஒரு கருவி வேலை செய்யப் போகிறதா, ஆணியில் தொங்கப் போகிறதா என்பதை அதைச் செய்கிறவர் பெரும்பாலும் தெரியாமலேயே தீர்மானித்துவிடுகிறார். அந்தத் தீர்மானம் எங்கே நடக்கிறது என்று பார்க்க இதைவிடச் சின்ன, எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில், இதற்கு என்ன வேலை?

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்துச் சுடுநீரில் போட்டு, சுமார் 62 முதல் 69 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு மணி நேரம் வைத்திருப்பதுதான் மாஷ். அந்தச் சூட்டில் மால்ட்டில் இருக்கும் அமிலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சூடு குறைவான பக்கம் நின்றால் ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம், பீர் வறண்டு இருக்கும். கூடுதலான பக்கம் நின்றால் ஈஸ்ட்டுக்கு அடங்காத சர்க்கரை மிஞ்சி, பீர் கொஞ்சம் கனமாக வரும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் நாக்குக்குத் தெரிகிற மாற்றம்.

சாதாரணமாக ஒரு வீட்டுக் காய்ச்சல் என்பது 19 லிட்டர், அதாவது 5 கேலன். அதற்கு நாலரை, ஐந்து கிலோ மால்ட் வேண்டும். கிலோவுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள், கெட்டியான கஞ்சி ஒரு பெரிய அண்டா நிறைய. உடைத்த தானியத்தைக் கொட்டும்போது களியில் கட்டி தட்டுவதைப் போலவே இதிலும் கட்டி தட்டும். மேலே நனைந்து, உள்ளே காய்ந்த மாவாக இருக்கும் உருண்டைகள். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாது, நொதி வேலை செய்யாது, சர்க்கரை வராது. கூடவே அண்டாவின் ஒரு மூலை 70 டிகிரி, இன்னொரு மூலை 63 என்று சூடும் ஏறுக்குமாறாக நிற்கும்.

இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் துடுப்பின் வேலை. துளை இல்லாத பலகையால் அந்தக் கஞ்சியைத் தள்ளிப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். துளை வைத்தால் தடை குறைகிறது. அதோடு, துளை வழியாகப் பிதுங்கிப் போகும்போது கட்டி உடைகிறது. ஆக இந்தப் பலகையில் மரத்தைப் போலவே மரம் இல்லாத இடமும் வேலை செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். மாஷ் முடிந்து வடித்தெடுக்கும் இனிப்பு நீரை, வோர்ட் என்பார்கள், அதைச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். அதனால் மரத்தில் ஏதாவது கிருமி இருந்தாலும் கொதியில் செத்துவிடும். மரம் இங்கே பிரச்சினை இல்லை. கொதித்து ஆறிய பிறகு மட்டும் இந்தத் துடுப்பு அந்தப் பக்கமே போகக் கூடாது.

சரி, அலங்காரம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது மத்திய அரசின் சட்டப்படி வெகுகாலம் அனுமதியில்லாத காரியம். மதுவிலக்கு 1933-ல் முடிந்தபோது வீட்டு ஒயினுக்கு வழி பிறந்தது, பீர் விடுபட்டுப் போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், வரி இல்லை, விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் விட்டன. நடுவில் 1984-ல் சார்லி பப்பாசியனின் கையேடு பெரிய பதிப்பாக வந்து, ஒரு தலைமுறைக்கே காய்ச்சக் கற்றுக்கொடுத்தது.

அந்தத் தலைமுறையின் உபகரணம் எல்லாம் வேறு எதற்கோ செய்தவை. சுற்றுலாவுக்கு ஐஸ் கொண்டுபோகும் பெட்டியில் மாஷ், பெரிய சமையல் அண்டாவில் கொதி, படகுத் துடுப்பை எடுத்தே துழாவியவர்களும் உண்டு. இன்று நிலைமை வேறு. மின்சாரச் சூடேற்றியும் பம்பும் சேர்ந்த எஃகுப் பாத்திரங்கள் வந்துவிட்டன. பம்பு வோர்ட்டை அடியிலிருந்து மேலே சுற்றவிட்டு வெப்பத்தைச் சமன் செய்கிறது. தானியத்தைக் கொட்டும்போது ஐந்து நிமிடம் துழாவினால் போதும், மீதியை எந்திரம் பார்த்துக்கொள்ளும்.

துடுப்புக்கு இருந்த வேலை குறைந்துகொண்டே போகிறது. அலங்காரம் கூடிக்கொண்டே வருகிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்திரம் செய்கிற வேலையில் 'இது என் கையால் ஆனது' என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. துடுப்பு அதற்கு வசதியாகக் கிடைத்திருக்கிறது.

இப்போது வகைகளைப் பார்ப்போம்.

அதிகம் காணக் கிடைப்பது ஹாப்ஸ் பூ வடிவத் துளை. பலகையின் நடுவில், செதில் செதிலாக இருக்கும் அந்தப் பூவின் உருவத்தையே வெட்டி எடுத்துவிடுவது. பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் இரண்டு குறை. முதலாவது, ஹாப்ஸ் பெரும்பாலும் மாஷில் சேருவதே இல்லை. அது கொதியில் சேரும், அதற்குப் பிறகும் சேரும். மாஷ் என்பது முழுக்க முழுக்க பார்லியின் கட்டம். வேலைக்குச் சம்பந்தமில்லாத பூவைக் கருவியின் நெஞ்சில் செதுக்குவது, பீர் என்றதும் ஞாபகத்துக்கு வரும் முதல் படத்தை ஒட்டிவிடுவது மாதிரி. சட்டையில் அச்சடித்த வாசகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை ரசனை விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். இரண்டாவது குறையை அப்படி ஒதுக்க முடியாது. மரத்துக்கு நார் ஓடும் திசையில்தான் பலம். நாருக்குக் குறுக்கே அது பிஸ்கட் போல ஒடியும். பூவின் செதில் நுனிகள், கூரான மூலைகள், துளைக்கும் துளைக்கும் நடுவே விட்ட மெல்லிய பாலங்கள் எல்லாம் நாருக்குக் குறுக்கே வந்து நிற்கின்றன. வெடிப்பு கூர்மூலையில்தான் ஆரம்பிக்கும். அதே மூலையில் உமியும் போய் அடைத்துக்கொள்ளும், காய்ந்தபின் ஊசி வைத்துத்தான் நோண்டி எடுக்க வேண்டும். வட்டத் துளையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீளவாக்கில் வரிசையாக நாலு வட்டம், ஓரங்களை மழுக்கி உருட்டிவிட்டால் அது பத்து வருஷம் உழைக்கும்.

அடுத்தது வரிப் பலகை. வெளிர் மேப்பிள், கறுப்பு வால்நட், சிவந்த செர்ரி என்று பட்டை பட்டையாக ஒட்டி இழைத்தது. இதைச் செய்யப் பொறுமை வேண்டும், இழைப்புளி பழகிய கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மரமும் தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு அளவில் உப்பும். காய்ச்சலுக்குக் காய்ச்சல் நனைந்து காய்ந்தால், ஒட்டிய கோட்டில் ஒரு மரம் மேலே, ஒரு மரம் கீழே என்று விரலுக்குத் தட்டுப்படும் மேடு வந்துவிடும். நீர் தாங்கும் பசை என்று டப்பாவில் போட்டிருக்கலாம். ஆனால் மரவேலையில் சாதாரணமாகப் புழங்கும் வெள்ளைப் பசை வகைகளுக்குச் சூடு ஆகாது, இளகும். இதே வரிகளைக் கைப்பிடியில் மட்டும் வைத்திருந்தால் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கைப்பிடி மாஷுக்குள் இறங்குவதில்லை.

மூன்றாவது, பளபளப்பு. கடைப்பெட்டியில் வைக்கும்போது வார்னிஷ் பூசிய பலகை கண்ணாடி மாதிரி மின்னும். அதை 67 டிகிரி சூட்டில், லேசான புளிப்பு உள்ள கஞ்சியில், உமியோடு தேய்க்கப் போகிறோம். பூச்சு உரிந்தால் எங்கே போகும் என்று யோசித்தால் போதும். ஒன்றும் பூசாத மேப்பிள் போதும், மனம் கேட்காவிட்டால் காய்கறிப் பலகைக்குத் தடவும் மினரல் ஆயில். மரத்தேர்விலும் இதே கதைதான். ரெட் ஓக் மலிவு, வரி அழகு. ஆனால் அதன் நாளங்கள் திறந்தே கிடக்கும். ஒரு குச்சியின் முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி பார்க்கலாம். இப்படிப்பட்ட மரத்தை இனிப்புக் கஞ்சிக்குள் விட்டால் என்ன உறிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. பீப்பாய் செய்கிறவர்கள் வெள்ளை ஓக்கைப் பிடித்துக்கொண்டு ரெட் ஓக்கைத் தொடாததற்குக் காரணமும் இதுதான்.

நாலாவது, லேசர் எழுத்து. பெயர், திருமண நாள், தன் கார் நிறுத்தும் கொட்டகைக்குத் தானே வைத்துக்கொண்ட மது ஆலைப் பெயர், அதற்கு ஒரு முத்திரை. இதைப் பற்றிப் பேசும்போது டேவிட் பையைக் கூப்பிடாமல் முடியாது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1968-ல் வந்த 'தி நேச்சர் அண்ட் ஆர்ட் ஆஃப் வொர்க்மேன்ஷிப்' நூலில் கைவேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஒவ்வொரு நொடியும் கெட்டுப்போகும் வாய்ப்பு இருக்கும் வேலை. உளி சறுக்கினால் போச்சு. இன்னொன்று, முடிவு முன்கூட்டியே நிச்சயமாகிவிட்ட வேலை. அச்சில் வார்ப்பது, எந்திரத்தில் வெட்டுவது எல்லாம் இதில் வரும். பை இரண்டாவதை இழிவாகச் சொல்லவில்லை, அதில் சிறந்த வேலை உண்டு என்றுதான் சொன்னார். எனக்கு இங்கே உறுத்துவது வேறு. லேசரில் எழுதிய துடுப்பைக் 'கையால் செய்தது' என்று விற்கிறார்கள், வாங்குகிறவரும் அப்படியே நம்ப ஆசைப்படுகிறார். எந்திரம் நிச்சயமாகச் செய்து கொடுத்ததற்குத் தவறக்கூடிய கையின் மரியாதை கிடைக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, அலங்காரமே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். அந்தப் பாட்டை அடால்ஃப் லோஸ் நூறு வருஷத்துக்கு முன்பே பாடி முடித்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடன்பாடு ஏன் இல்லை என்பதற்கு நார்வேயிலிருந்து ஒரு மரவளையத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் சொந்த ஈஸ்ட்டை வைத்துக் காய்ச்சும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த ஈஸ்ட்டுக்கு அந்த வட்டாரப் பேச்சில் கிவைக் என்று பெயர். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் இதை ஆவணப்படுத்தி 2020-ல் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார். இந்த ஈஸ்ட்டை அடுத்த காய்ச்சல் வரை பத்திரப்படுத்த அந்தக் காலத்தில் மரத்தில் ஒரு சாதனம் செய்தார்கள். சிலது துளையும் வெட்டும் நிறைந்த ஒரு கட்டை. சிலது சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்த வளையம். மாலை மாதிரி இருக்கும். நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் அதை முக்கி எடுத்துக் காயவைத்துத் தொங்கவிடுவார்கள். இடுக்குகளில் ஈஸ்ட் ஒட்டிக் காய்ந்திருக்கும். மறுபடி காய்ச்சும்போது வோர்ட்டில் போட்டால் விழித்துக்கொள்ளும்.

அருங்காட்சியகப் படங்களில் இந்த வளையத்தைப் பார்க்கிறவர் நகை என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த இடுக்கு ஒவ்வொன்றும் ஈஸ்ட் உட்காரும் இடம். இடுக்கு கூடக் கூட ஈஸ்ட்டும் கூடும். செய்கிறவர் எவ்வளவுக்கெவ்வளவு நுணுக்கமாகப் போகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு சாதனமும் நன்றாக வேலை செய்யும். இங்கே அலங்காரத்தைத் தனியே உரித்து எடுக்க முடியுமா? எடுத்தால் கருவியும் போய்விடும். அதுவும் ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் அடுத்த காய்ச்சலுக்காகக் காத்துக்கொண்டு தொங்குகிறது.

அதே நார்வேக்காரர்கள் அலங்காரத்துக்காகவே அலங்காரமும் செய்தார்கள். பூவேலை வரைந்து, விளிம்பைச் சுற்றி வாசகம் எழுதிய மரப் பீர்க்கிண்ணங்கள் பேர்போனவை. கவனியுங்கள், கிண்ணம் விருந்தில் கைமாறிக் கைமாறிப் போவது. நாலு பேர் பார்ப்பது, படிப்பது, சிரிப்பது. எழுத்துக்கு அங்கே ஆள் இருக்கிறது. கஞ்சிக்குள் முங்கிக் கிடக்கும் துடுப்புப் பலகையில் எழுதினால் யார் படிப்பார்கள்?

ஜெர்மனியிலும் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அங்கே மது காய்ச்சுவோரின் தொழிற்சின்னத்தில் மாஷ் துடுப்பும் மால்ட் அள்ளும் மண்வெட்டியும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். துடுப்பின் வடிவம் ஒரு நீள்வட்டச் சட்டம், நடுவில் ஏணிப்படி போலக் குறுக்குக் கட்டைகள். கட்டி உடைக்க வந்த கட்டைகள் அவை. சின்னத்தைச் சுற்றி ஹாப்ஸ் கொடியும் பார்லிக் கதிரும் ஓடுவது உண்டு, ஆனால் துடுப்புக்கு உள்ளே யாரும் பூ வெட்டுவதில்லை. வேலை கொடுத்த வடிவமே பார்த்ததும் அடையாளம் தெரிகிற அழகாகிவிட்டது. மரம் இல்லாத இடமும் வேலை செய்கிறது என்று முன்னே சொன்னேனே, அந்த வெற்றிடத்தையே சின்னமாக்கிக்கொண்டவர்கள் இவர்கள்.

இப்போது எதிர்த்தரப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மூன்று துடுப்புகள் சுவரில் இருக்கின்றன. மூன்றும் பரிசாக வந்தவை. ஒன்று தம்பி செய்தது, செர்ரி மரம், ஹாப்ஸ் துளை, ஒரு சொரசொரப்பு இல்லாத இழைப்பு. அவர் துழாவுவது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கரண்டியால். கேட்டேன். "ஒடிஞ்சுபோச்சுன்னா தம்பி முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். அந்தப் பதிலில் பிசகு எதுவும் இல்லை. சுவரில் இருக்கும் துடுப்பு அவருக்குத் தினமும் தம்பியை ஞாபகப்படுத்துகிறது, அது சின்ன விஷயமா? பரிசு என்பது பயன்பட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லையே.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பார்க்க வேண்டும். இருபது மணி நேரம் உட்கார்ந்து அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர், அண்ணன் காய்ச்சும்போது தன் கைவேலையும் அந்த அண்டாவுக்குள் இருக்கும் என்று நினைத்துத்தானே செய்திருப்பார்? சுவரில் மாட்டத்தான் என்றால் ஒரு படச்சட்டம் செய்திருக்கலாம். நோகாமல் பார்த்துக்கொள்ளும் பாசம் துடுப்பை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அந்த நிறுத்தம் பூவின் செதில் நுனியிலேயே தொடங்கிவிட்டது. ஒடியும் என்று அண்ணன் பயந்தது வெறும் பயமில்லை, அந்த வடிவம் உண்மையிலேயே ஒடியும்.

ஆகவே செய்கிறவர்களுக்கு என் யோசனை இது. பலகையை வேலைக்கு விட்டுவிடுங்கள். மேப்பிள், செர்ரி, பீச் இதில் ஏதாவது ஒன்று, ஒரே துண்டு, இரண்டு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட கனம், விளிம்பில் மெலியட்டும். வட்டத் துளைகள், அவற்றுக்கு நடுவே தாராளமான இடம். ஓரமெல்லாம் உருட்டல். ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் நார் சிலிர்த்து நிற்கும், அதைத் தேய்த்துவிட்டால் பிறகு சிலிர்ப்பது குறையும். துளைகளின் அளவையும் வரிசையையும் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் அமையுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் வரிசை, ஒரு பக்கம் சாய்ந்த வரிசை, அதிலேயே உங்கள் கைநடை தெரிந்துவிடும். செதுக்க ஆசையா, கைப்பிடியின் மேல்பாதி முழுக்க உங்களுடையது. பெயர், பூ, யானை, என்ன வேண்டுமானாலும். கை பிடிக்கும் இடத்தை மட்டும் வழவழவென்று விடுங்கள்.

கைப்பிடியில் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் காய்ச்சுகிறவர் கத்தியால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளட்டும். கொடுக்கும்போதே முதல் கோட்டை நீங்கள் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது, புதுசைக் கெடுக்கும் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். பத்தாவது காய்ச்சலில் பலகை தேன் நிறத்துக்கு வந்திருக்கும், கைப்பிடியில் பத்துக் கோடு இருக்கும். ஒருவேளை நாற்பதாவதில் ஒடிந்தால், நாற்பது கோடு போட்ட கைப்பிடியைத் தாராளமாகச் சுவரில் மாட்டலாம். தம்பிக்கும் சொல்லி அனுப்பலாம், புதுசாக ஒன்று செய்யச் சொல்லி.